கே.ஆர்.பி. டேமா, ஒகேனக்கலா, வாணியாறா, அவதானப்பட்டியா? குடும்பத்தோடு தண்ணீர் பார்க்கக் கிளம்பும் முன்

தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. அம்மாவுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. பையன்கள் ரெண்டு பேர், சின்னவனுக்கு ஒன்பது, பெரியவனுக்குப் பதினாலு. பெரியவன் இப்பதான் நீச்சல் பழகியிருக்கான், தண்ணியில இறங்கியே ஆகணும்னு நிக்கிறான். டேமுக்குப் போறதா, ஒகேனக்கல் போறதா? டேம் வேற பழசு, பயமில்லையா?"

இந்தக் கேள்வியைப் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் ஆறு, அணை, ஏரி மூன்றில் ஒன்றுக்குத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அதனால் இடங்களை நிதானமாக எடை போட்டுப் பார்ப்போம். டேம் பழசு என்ற பயத்துக்கும் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) பகுதியில் பதில் சொல்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீரைப் பார்க்கப் போகிறோமா, தொடப் போகிறோமா, அதன் மேல் மிதக்கப் போகிறோமா? அம்மாவுக்குப் பார்த்தால் போதும். சின்னவனுக்குப் படகு வேண்டும். பெரியவனுக்குக் குளிக்க வேண்டும். மூன்றையும் ஒரே இடத்தில் முடிக்கப் பார்க்கும்போதுதான் பிரச்சினையே தொடங்குகிறது. இது தெளிவான பிறகு கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்.

தண்ணீரை யார் திறக்கிறார்கள், திறப்பது நமக்கு எப்போது தெரியும்? என் கணக்கில் இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. நம் இரண்டு ஆறுகளும் வெளியிலிருந்து வருகின்றன. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. காவிரியில் வருவது பெரும்பாலும் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் விடுகிற தண்ணீர். இங்கே நம் தலைக்கு மேல் வெயில் காயும், அங்கே முந்தாநாள் மழை கொட்டியிருக்கும். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாத ஊர் நம்முடையது.

தண்ணீருக்கும் நம் காலுக்கும் நடுவே என்ன இருக்கிறது? கம்பியா, லைஃப் ஜாக்கெட்டா, ஒன்றுமே இல்லையா?

ஏதாவது நடந்தால் வெளியே வர வழி எது? கத்தினால் கேட்க ஆள் உண்டா, போன் டவர் கிடைக்குமா, 108 வண்டி எவ்வளவு நேரத்தில் வரும்?

வயதானவர்களுக்கு நிழல், உட்கார இடம், படி, கழிப்பறை உண்டா? கழிப்பறை சின்ன விஷயம் போலத் தோன்றும். வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் செலவு. நுழைவுச் சீட்டோடு அது நிற்காது, கடைசியில் வீட்டுக்கு வரும்போது பர்ஸில் குறைந்திருப்பது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

| | கே.ஆர்.பி. அணை | ஒகேனக்கல் | வாணியாறு, பஞ்சப்பள்ளி | அவதானப்பட்டி |
|---|---|---|---|---|
| எதற்கு நல்லது | பார்க்க | மிதக்க, அனுமதித்த இடத்தில் குளிக்க | அமைதியாகப் பார்க்க | மிதக்க |
| தண்ணீர் எங்கிருந்து கூடும் | தென்பெண்ணை, மார்க்கண்டேய நதி | கர்நாடக அணைகள் | மலை மழை | தேங்கிய ஏரி நீர் |
| தடுப்பு | அணை மேல் உண்டு, ஆற்றுப் பக்கம் இல்லை | பரிசலில் ஜாக்கெட், பாறையில் குறைவு | அநேகமாக இல்லை | ஜாக்கெட், சிறிய பரப்பு |
| ஆள் நடமாட்டம் | நன்றாக உண்டு | மிக அதிகம் | மிகக் குறைவு | உண்டு |
| முழங்கால் வலிக்காரருக்கு | பூங்கா வரை சரி | கடினம் | வண்டியில் இருந்தபடி சரி | எளிது |
| மறைவான செலவு | வெயில், சாப்பாடு | பரிசல், எண்ணெய்க் குளியல், மீன், பெட்ரோல் | எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும் | பெரிதாக இல்லை |
| தவிர்க்க வேண்டிய காலம் | ஷட்டர் திறந்த நாட்கள் | நீர்வரத்து ஏறும் நாட்கள் | மழை நாள், மாலை நேரம் | கடும் வெயில் |

கே.ஆர்.பி. அணை

கிருஷ்ணகிரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த அணை, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1957-இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 52 அடி. இடது, வலது என்று இரண்டு கால்வாய்கள் பிரிந்து ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன. கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் நெல்லும் தென்னையுமாகப் பச்சை. அந்தப் பச்சைக்குக் காரணம் இந்த அணைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. கீழே பூங்கா, வாசலில் மீன் வறுவல் கடைகள். கட்லா, ரோகு, ஜிலேபி என்று மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கை காட்டினால் எண்ணெயில் போடுவார்கள்.

இனி அந்த "பழசு" கேள்வி.

2017 நவம்பர் கடைசியில் ஒரு மாலை, காவேரிப்பட்டணத்தில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து போன் வந்தது. "டேம் உடைஞ்சிருச்சாம்டா, ஆட்டையெல்லாம் மேட்டுத் தெருவுக்கு ஓட்டிக்கிட்டு இருக்கோம்." பின்னால் குழந்தைகள் அழும் சத்தம், யாரோ மைக்கில் ஏதோ சொல்லும் சத்தம். உண்மையில் டேம் உடையவில்லை. மதகின் ஷட்டர்களில் ஒன்று உடைந்து, அதன் வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் வெள்ள எச்சரிக்கை போனது. கரை அப்படியே நின்றது.

ஷட்டர் உடைவதும் அணை உடைவதும் வேறு வேறு. அணையில் ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை கட்டுமானமே தண்ணீரைத் தாங்குகிறது. அதற்கு மேலே உள்ள தண்ணீரைத்தான் இரும்பு ஷட்டர்கள் பிடித்து வைக்கின்றன. ஒரு ஷட்டர் போனால் அந்த மேல் மட்டத்துத் தண்ணீர் மட்டும், அந்த ஒரு வழியில் போகும். ஆற்றில் நிற்பவனுக்கு அதுவே போதும் உயிரை எடுக்க. ஆனால் அணை முழுசாகப் போனால் நடப்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. அன்று அத்தை வீட்டார் மேட்டுக்கு ஏறியது நூற்றுக்கு நூறு சரி. அதே சமயம் "டேம் உடைஞ்சிருச்சு" என்ற ஒரு வார்த்தை இரவு முழுக்க எத்தனை வீட்டைப் பதற வைத்தது என்பதையும் நான் பார்த்தேன்.

அதன் பிறகு மற்ற ஷட்டர்களும் புதிதாக மாற்றப்பட்டன. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய அணைகளை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும், அவசர காலத்தில் யார் என்ன செய்வது என்று திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆக, பழைய அணை என்பதாலேயே மேலே நடக்கப் பயப்பட வேண்டாம். வயதானவர்களுக்கு உடம்புப் பரிசோதனை போல அணைக்கும் வருடா வருடம் பார்க்க வேண்டும், பார்க்கிறார்களா என்று நாமும் கேட்க வேண்டும்.

நீங்களே கவனிக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. மண் கரையின் அடிவாரத்தில் வடிகாலில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து ஓடினால் பதற வேண்டாம். எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும், அதற்காகத்தான் வடிகாலே வெட்டியிருக்கிறார்கள். கசிவு தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கலங்கலாக வந்தால், அதுவும் போன முறை இல்லாத இடத்தில் புதிதாக வந்தால், கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அங்கே இருக்கும் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். கரைச் சரிவில் மரம் வளர விடாமல் வெட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போல வழி விட்டுவிடும். "நிழல் தரும் மரத்தை ஏன் வெட்டுறாங்க" என்று சின்னவன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் ஆபத்து எங்கே? அணைக்குக் கீழே, ஆற்றில்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் குடும்பமாகப் போயிருந்தோம். தரைப்பாலத்தைத் தாண்டி ஆற்றுக்குள் அகலமான ஒரு பாறை. தண்ணீர் கொஞ்சம் தள்ளி, கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாயை விரித்து, தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோறு போட்டுக்கொண்டிருந்தோம். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, கையில் இருந்த குச்சியால் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பாறையைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இந்தக் கோட்டைப் பாத்தீங்களா?" முழங்காலுக்கு மேலே, பாறை நெடுக ஒரு வெள்ளைக் கோடு. நுரை காய்ந்து படிந்தது. விரலால் தேய்த்தேன், இன்னும் பிசுபிசுத்தது. "நேத்து ராத்திரி தண்ணி அங்க நின்னுச்சு. சாப்பிடுறதுன்னா கோட்டுக்கு மேல போய் உக்காந்து சாப்பிடுங்க." நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் முந்தின இரவு நின்றிருந்தால் என் தங்கை மகளின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்து எந்த ஆற்றுக்குப் போனாலும் முதலில் பாறையில் கோட்டைத்தான் தேடுகிறேன்.

நீர்வரத்து கூடும்போது அணைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அணையைக் காப்பாற்றத் தண்ணீரை விட்டே ஆக வேண்டும். எச்சரிக்கை கொடுப்பார்கள். ஆனால் பாட்டு வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அது உங்கள் காதில் விழும் என்று நம்ப வேண்டாம். ஷட்டருக்கு நேர் கீழே விழும் தண்ணீர் அங்கேயே திரும்பிச் சுழலும். அதற்குள் போனவர் எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். தண்ணீர் அதிகம் திறக்கும்போது அணைக்கு முன்னால் உள்ள தரைப்பாலம் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைப்பார்கள். அந்தத் தடுப்பை ஒதுக்கிவிட்டு வண்டி ஓட்டும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. கோடையில் நீர் வற்றும்போது அணையின் உள்பக்கம் அகலமான மைதானம் போலத் தெரியும். மேலே வெடித்துக் காய்ந்த மண், கீழே ஈர வண்டல். கிரிக்கெட் பந்தை எடுக்க ஓடும் பிள்ளை இடுப்பு வரை புதையும். வண்டல் மண் அள்ளிய குழிகளும் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும்.

மறைவான செலவு என்று பார்த்தால் பணம் அதிகம் இல்லை. வெயில்தான் செலவு. அணைக் கரை மேல் மரநிழல் கிடையாது. பதினோரு மணிக்கு மேல் அம்மாவை அங்கே நடக்க வைக்காதீர்கள். காலையில் எட்டு மணிக்கு, இல்லையென்றால் மாலை நாலு மணிக்குப் போங்கள். இந்த ஆற்றுத் தண்ணீரில் கை கால் நனைக்கவும் நான் சொல்ல மாட்டேன், காரணம் அடுத்த பத்தியில்.

ஓசூர்ப் பக்கத்து உறவினர்கள் கெலவரப்பள்ளிக்குக் கூப்பிடுவார்கள். அதுவும் தென்பெண்ணைதான், முழு மட்டம் 44.28 அடி. பெங்களூரின் சாக்கடைக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து வருவதால் தண்ணீர் திறக்கும் நாட்களில் வெள்ளை நுரை மலை போல எழும்பும். பிள்ளைகளுக்கு அது பனி மாதிரி தெரியும், எடுத்து விளையாட ஓடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே கே.ஆர்.பி.க்கும் வருகிறது. கெலவரப்பள்ளியை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்கும் இதுதான் காரணம்.

கே.ஆர்.பி. எப்போது நல்லது: பார்க்க மட்டும் போகிறீர்கள், வயதானவர் இருக்கிறார், ஷட்டர் மூடியிருக்கிறது. அல்லது ஷட்டர் திறந்திருக்கிறது, நீங்கள் போலீஸ் நிறுத்தும் இடத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பத் தயார். எட்டு மதகும் திறந்து தண்ணீர் பாயும் காட்சி மறக்க முடியாதது. அதைத் தூரத்தில் நின்றும் பார்க்கலாம், அதே சத்தம்தான் கேட்கும்.

ஒகேனக்கல்

தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாக. ஒகேனக்கல்லுக்கு ஈடாக இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை, அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். பாறை இடுக்குகளில் பரிசல் சுழன்று போகும்போது மேலே தெறிக்கும் சாரலுக்கு எந்த அணையும் பதில் சொல்ல முடியாது.

ஆனால் இங்கே திட்டம் உங்கள் கையில் இல்லை. கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பினால் உபரி நீர் முழுக்க இந்த வழியாகத்தான் மேட்டூருக்குப் போக வேண்டும். தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. காலைச் செய்தியில் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று வருவது கிளம்பும் முன் பார்க்க வேண்டிய முதல் எண். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை கடைசியிலும் அது ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த மாதிரி நாட்களில் அருவியே தெரியாது, செம்மண் நிறத்தில் ஒரே வெள்ளம்தான். குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். இது தெரியாமல் குழந்தைகளோடு வந்து, கரையில் நின்று பார்த்துவிட்டு மீன் மட்டும் சாப்பிட்டுத் திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு ஆடியிலும் பார்க்கலாம்.

தடை இல்லாத நாளில் கவனிக்க வேண்டியது பரிசலும் பாறையும். பரிசலில் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தலை வழியே கழன்றுவிடும். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். "இன்னும் ரெண்டு பேர் ஏத்திக்கலாம் சார்" என்றால் இறங்கிவிடுங்கள். பரிசல்காரர்கள் அந்த ஆற்றைக் கை ரேகை மாதிரி அறிந்தவர்கள். அவர்கள் "இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம்" என்று சொன்னால் காசு தருகிறேன் என்று வற்புறுத்தாதீர்கள்.

பாறை இன்னும் மோசம். எண்ணெய்க் குளியல் இங்கே பேர் போனது. தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு எத்தனையோ பேர் நடந்த பாறை அது, மேலே பாசியும் சேர்ந்துகொள்ளும். அம்மாவின் முழங்காலுக்கு இந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். குளிப்பதாக இருந்தால் அனுமதித்த இடத்தில் மட்டும். ஆற்றில் முதலைகள் உண்டு, அங்கேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. ஒதுக்குப்புறமாக இறங்குகிற யோசனையே வேண்டாம்.

செலவைக் கூட்டிப் பாருங்கள். பெட்ரோல், வாகன நிறுத்தம், பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வாங்கின காசு, அதைச் சமைத்துக் கொடுக்கத் தனிக்காசு, மாற்றுத் துணி மறந்தவருக்கு அங்கே வாங்கும் துண்டு. எல்லாம் சேர்த்தால் மற்ற மூன்று இடத்துக்கும் போய் வரும் காசு ஆகிவிடும். பரிசலுக்குக் கவுன்ட்டரில் எழுதியிருக்கும் கட்டணத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். நேரமும் ஒரு செலவுதான். பென்னாகரத்துக்கு அப்புறம் காட்டு வழி, வளைவுகள், யானை நடமாட்டம். இருட்டுவதற்கு முன் மேலே ஏறிவிட வேண்டும் என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும்.

எப்போது நல்லது: எல்லோரும் நன்றாக நடப்பவர்கள், மழைக்காலம் முடிந்து நீர்வரத்து இறங்கி நிலையாக இருக்கிறது, முழு நாள் கையில் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு வரும் வாரங்கள் எனக்குப் பிடித்தவை. கூட்ட நாட்களைத் தள்ளிவிடுங்கள்.

வாணியாறும் பஞ்சப்பள்ளியும்

கூட்டம் பிடிக்காதவர்கள் இந்தச் சின்ன அணைகளைச் சொல்வார்கள். வாணியாறு அணை பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில். முழு மட்டம் 65 அடிக்குக் கொஞ்சம் மேல். மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் காலை நேரத்தில் அங்கே நிற்பது ஒரு பாக்கியம். பஞ்சப்பள்ளியில் இருப்பது சின்னாறு அணை, மாரண்டஹள்ளிப் பக்கம், 50 அடி. அந்தச் சின்னாறுதான் பிறகு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது.

அமைதிதான் இவற்றின் பலம், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மீன் பிடிப்பவர் யாராவது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. கரையில் கற்களை அடுக்கியிருக்கும் சரிவு பார்ப்பதற்குப் படிக்கட்டு மாதிரி இருக்கும். இறங்குவது எளிது. பாசி பிடித்த கல்லில் ஈரக் காலோடு மேலே ஏறிப் பாருங்கள், பிடிக்க ஒன்றும் இருக்காது, அடுத்த அடி வைத்தால் ஆழம். ஊர் நீச்சல் தெரிந்த பையன்கள் உயிரை விடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவன் வழுக்க, இன்னொருவன் கை கொடுக்க, இருவரும் உள்ளே. யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். புடவை, துண்டு, கயிறு, காலியான தண்ணீர்க் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசிவிட்டுக் கத்துங்கள்.

வாணியாற்றில் இன்னொன்று. ஏற்காட்டில் மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் திடீரென்று வரும். அணைக்கு மேல்புறம் ஓடையில் இறங்கி உட்கார்ந்தால் அது உங்களுக்குத் தெரியாது. பஞ்சப்பள்ளிப் பக்கம் யானை வரும், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு இடத்திலும் மாலையில் குடிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் பாட்டில் சில்லுகள் கிடக்கின்றன, செருப்பைக் கழற்றாதீர்கள். கடை, கழிப்பறை எதையும் நம்பிப் போகக் கூடாது. சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே.

எப்போது நல்லது: பறவை பார்ப்பவர்கள், பேசிக்கொண்டே கொஞ்சம் நடக்க நினைக்கும் பெரியவர்கள், காலை நேரம். துருதுருவென்று ஓடும் பிள்ளைகளை இரண்டு பெரியவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய நாளில் போகாதீர்கள்.

அவதானப்பட்டி ஏரி

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பூங்கா, படகு, ஜாக்கெட், பெஞ்சு. ஒகேனக்கல் பார்த்தவனுக்கு இது சப்பென்று இருக்கும். ஒன்பது வயதுப் பையனுக்கு மிதிபடகில் தானே திருப்பி ஓட்டுவது போதுமான சந்தோஷம். தேங்கிய நீர் என்பதால் திடீர் வெள்ளப் பயம் கிடையாது. இங்கே ஆபத்து சாலையில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள், கொஞ்சம் சுற்றினாலும் ஏரிப் பக்கமே நிறுத்துங்கள். சேலத்திலிருந்து வருபவர்களுக்குத் திரும்பும்போது தொப்பூர்க் கணவாய் வேறு இருக்கிறது. அங்கே கீழே இறங்கும் லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளாமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

கேட்டவருக்கு என் பதில்

நவம்பர் ஞாயிறு என்றால் வடகிழக்குப் பருவமழை நடக்கும் காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, ஏரி நிரம்பி வழிந்து சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துக்கொண்டு போனது. அதே சமயம் கீழே தென்பெண்ணை மேலுள்ள சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். மழை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் நான்கு இடமும் வேண்டாம், வீட்டில் பஜ்ஜி போடுங்கள்.

எச்சரிக்கை இல்லாவிட்டால் கே.ஆர்.பி. அணையையும் அவதானப்பட்டியையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். இரண்டும் அருகருகே. காலை எட்டு மணிக்கு அணை மேல் ஒரு நடை, பிறகு பூங்காவில் அம்மா உட்காரட்டும், மீன் சாப்பிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் அவதானப்பட்டியில் சின்னவனுக்குப் படகு. ஒகேனக்கல்லைப் பொங்கலுக்கு அப்புறம் தள்ளிவையுங்கள், அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அப்போது கேளுங்கள். கிளம்பும் முன் அணை மட்டத்தையும் நீர்வரத்தையும் செய்தியில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கூப்பிட்டுக் கேட்கலாம்.

பெரியவனின் நீச்சலுக்கு இந்த நாளில் இடம் இல்லை, அதை அவனிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். குளத்தில் கற்ற நீச்சல் ஓடுகிற தண்ணீரில் அவனைக் காப்பாற்றாது. பதிலுக்கு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அணையில் நீர்மட்ட அளவுகோல் இருக்கும். காலைச் செய்தியில் வந்த அடியோடு அதை ஒப்பிட்டு, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவன் சொல்லட்டும். அப்புறம் மேலே நின்றபடியே ஆற்றுப் பாறைகளைப் பார்த்து, வெள்ளைக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தம்பிக்குக் காட்டட்டும்.